காரியாலயத்துத் தேநீர்

வீட்டில் தேநீர் போடுகிறவருக்கு, யாருக்கு எவ்வளவு சர்க்கரை, யாருக்கு எவ்வளவு பால் என்பது கைப்பழக்கமாகவே வந்துவிடுகிறது. காரியாலயத்திலோ, நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும், நீரிழிவினால் இனிப்பைத் துறந்தவருக்கும், பாலையே தொடாதவருக்கும் ஒரே அடுப்பிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் தம்முடைய ருசியை அடக்கிக்கொண்டு பிறருடைய ருசிக்கு இடம் விட்டுவைக்கும் சாமர்த்தியமே இந்தக் கலையின் பிரதான லட்சணம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனம் 1980-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐ.எஸ்.ஓ. 3103 என்னும் விதி, 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலை இட்டு, கொதிநீர் ஊற்றி, 6 நிமிஷம் ஊறவிட வேண்டுமென்று வரையறுக்கிறது. பல தேயிலைகளை ஒரே முறையில் தயாரித்து ஒப்பிடவேண்டிய பரிசோதகருக்கு அது உத்தமமான நியமம். ஒரே தேயிலையைப் பலவிதமான மனிதர்களுக்குக் கொடுக்க வேண்டியவருக்கு அது போதாது.

நம்மிடையே பெரும்பாலும் புழங்கும் டீத்தூள், 1930-களில் அஸ்ஸாமில் தோன்றிய சி.டி.சி. முறைப்படி, இலையை யந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டி உண்டாக்கப்படுவது. அது முழு இலையைவிட வெகு சீக்கிரத்தில் நிறம் கொடுக்கிறது. அதே வேகத்தில் துவர்ப்பையும் இறக்கிவிடுகிறது. எனவே, பாலும் தூளும் சர்க்கரையும் ஒன்றாய்ப் போட்டு நெடுநேரம் கொதிக்கவிடாமல், டிகாஷனை இரண்டு மூன்று நிமிஷத்தில் வடித்து ஃபிளாஸ்கில் ஊற்றி, சூடான பாலையும் சர்க்கரையையும் தனித்தனியே வைத்துவிட்டால், அவரவர் கலந்துகொள்ளும் சுதந்திரம் அவரவர்க்கே கிடைக்கிறது. இஞ்சி விரும்புவோர் அதைத் தட்டித் தண்ணீரிலேயே கொதிக்கவிட வேண்டும்; பச்சை இஞ்சியைப் பாலில் இட்டால் பால் திரிந்துபோகக்கூடும்.

இனி, பொதுச் சமையலறையின் ஆசாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். "டீ போடப் போகிறேன், யாருக்கு வேண்டும்?" என்று எழுந்து நின்று கேட்கிற வழக்கம் எனக்கு மிகவும் பிரியமானது. கேட்பவர் மேலதிகாரியாக இருந்தால், கூச்சத்தால் வாய்திறவாத புதியவரும் தம் பங்கைக் கேட்கத் துணிகிறார். ஆனால் இந்தக் கடமை, எவரும் சொல்லாமலே, அங்குள்ள இளைய பெண்ணின் தலையில் நாள்தோறும் விழுவதைப் பல இடங்களில் பார்க்கிறோம். அவ்விதம் கிடைக்கும் தேநீர் எவ்வளவு ருசியாயிருந்தாலும் அதை நல்ல தேநீரென்று நான் மதிக்கமாட்டேன். வேலை முறை வைத்து எல்லோரிடமும் சுற்றிவர வேண்டும். தேநீர் போடத் தெரியாது என்பவருக்கு அந்த முறையே பயிற்சியாகும்.

பாலை எடுத்துத் தீர்த்தவர் அடுத்த பாக்கெட் வாங்கிவைக்க வேண்டும். வடிகட்டியிலுள்ள சக்கையைக் குப்பைக்கூடையில் தட்டாமல் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பால் காய்ச்சிய பாத்திரத்தை அப்படியே விட்டுச் சென்றால், அடியில் காய்ந்த ஆடையைச் சுரண்டும் பாடு மாலையில் துப்புரவுக்கு வரும் அம்மாளுக்கு; கழுவ நேரமில்லாதவர் அதில் ஒரு டம்ளர் தண்ணீராவது ஊற்றிவைத்துவிட்டுப் போகலாம்.