உலோகத்துள் உறங்கும் விரிசல்

நம்மூர் அசோகபுரத்து ரயில்வே பணிமனைக்குப் பழுதுபார்க்க வரும் பெட்டிகளை நீங்கள் அறிவீர்கள். அப்பெட்டிகளைத் தாங்கும் இருசைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். ஆக்ஸில் என்பதற்கு மாட்டுவண்டிக் காலத்துச் சொல்லான இருசு நன்றாகவே பொருந்துகிறது.

சக்கரம் ஒருமுறை சுழலும்போது, இருசின் மேற்பரப்பில் ஒவ்வோர் இடமும் ஒருமுறை இழுபடுகிறது, ஒருமுறை அழுந்துகிறது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிக்கும் சிறுவர் அறிந்ததே இது. 1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் இருசு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஜெர்மானியரான வோலர், இருசுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். ஓர் எல்லைக்குக் குறைந்த விசையாயின், எத்தனை முறை மாறி மாறித் தாக்கினும் எஃகு முறிவதில்லை எனக் கண்டார். அவ்வெல்லையே சோர்வு வலிமை.

ஆனால் குறையற்ற எஃகு ஏது? உருக்கும்போது சிக்கிய கசடு, கடைசல் கீறல், துருக்குழி என ஏதேனும் ஒன்று இருக்கும். ஒவ்வொன்றின் வடிவமும் வேறாதலால் கணக்கிடப் புகுந்தோர் திகைத்தனர். ஜப்பானியப் பேராசிரியர் முராகாமி 1980களில் எளிய வழி ஒன்றைக் காட்டினார். வடிவத்தை விட்டுவிடலாம், இழுவிசையின் திசையில் ஒளி பாய்ச்சினால் அக்குறையின் நிழல் எவ்வளவு பரப்பில் விழுமோ, அதனை அளந்தால் போதும் என்றார். அப்பரப்பின் வர்க்கமூலமும் எஃகின் கடினத்தன்மையும் தெரிந்தால் வலிமையைக் கணிக்கலாம்.

விக்கர்ஸ் கடினம் 200 உள்ள எஃகு, குறையில்லாதபோது சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 320 நியூட்டன் தாங்கும். மேற்பரப்புக் குறையின் வர்க்கமூலம் 64 மைக்ரான், அதாவது தலைமயிரின் பருமன், எனில் வலிமை 229 ஆகும். 729 மைக்ரான் எனில் 153. முக்கால் மில்லிமீட்டர்கூட நிரம்பாத குறை பாதி வலிமையை விழுங்கிவிடுகிறது! ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரைக் கடந்த விரிசலுக்கு இக்கணக்கு செல்லாது. அதற்கு வேறு கணக்கு உண்டு.

எண்ணற்ற கசடுகளுள் மிகப் பெரியதே பெரும்பாலும் கேடு செய்யும். இருசை அறுத்துப் பார்க்காமல் அதனைக் காண்பது எங்ஙனம்? சில மாதிரித் துண்டுகளில் கண்ட பெரிய கசடுகளைக் கொண்டு, முழு இருசில் இருக்கக்கூடியதை மதிப்பிடுகின்றனர். ஆண்டுதோறும் வந்த பெருவெள்ளங்களைக் கொண்டு, நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய ஆற்று வெள்ளத்தை அணை கட்டுவோர் மதிப்பிடுவதும் இதே கணிதத்தால்தான்.

கேளா ஒலியால் இருசைச் சோதிப்பவரின் கருவியில் சிறு எதிரொலி ஒன்று தோன்றுகிறது என்று கொள்வோம். ஒதுக்கினால் பொருட்செலவு, அனுப்பினால் அதன்மேல் ஆயிரம் உயிர்கள். ஐயம் எழுந்தால் ஒதுக்கிவிட வேண்டும் என்பதே என் கருத்து. சென்னை வண்டியில் ஊருக்குப் போய்வரும் உங்கள் கருத்தும் அதுவாகவே இருக்கும்.