நீர்த்திட்டக் கல்வியும் நம் இளைஞரும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குலத்தார் பெரும்பாலும் ஏரியையும் கால்வாயையும் நம்பி வாழ்ந்தவர்கள். ஆயினும் நம் பிள்ளைகளுள் நீரைப் பற்றிய கல்வியை நாடிச் செல்வோர் மிகச் சிலரே. இஞ்சினீயர் என்றாலே கம்ப்யூட்டர் என்று கொள்ளும் காலம் இது. அதனைக் குறைகூற யாம் வரவில்லை.

அணை கட்டுதல் ஒரு வித்தை. உள்ள நீரை அளந்து பங்கிட்டு வருங்காலத்துக்கு வகை செய்தல் பிறிதொரு வித்தை. 1847-ஆம் ஆண்டில் ரூர்க்கியிற் கல்லூரி ஏற்பட்டது, கங்கைக் கால்வாய் வேலைக்கு ஆட்களைப் பழக்குதற்பொருட்டேயாம். பின்னர் 1955-இல், ஆசிய ஆப்பிரிக்க நாட்டு இஞ்சினீயர்களுக்கு நீர்வள அபிவிருத்தியைப் பயிற்றத் தனி நிலையமொன்று அங்கேயே தோன்றிற்று.

இதன் அவசியத்தைக் காவிரி வழக்கே காட்டும். 2007-இல் நடுவர் மன்றம் கர்நாடகம் நமக்கு விடவேண்டிய நீரை 192 டி.எம்.சி. என்றது, 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு அதனை 177.25 ஆக்கிற்று. குறைந்த 14.75-இல் 10 டி.எம்.சி., நம் டெல்டாவின் நிலத்தடி நீரைக் கணக்கிற் கொண்டமையாற் போயது! கண்ணுக்குப் புலப்படாத நீரன்றோ கண்முன் ஓடும் நீரைக் குறைத்தது? ஆதலின் இத்தொழிலுக்கு மழைக்கணக்கும், மண்ணியலும், பயிரறிவும், பொருளாதாரமும், சட்டமும் ஒருங்கே வேண்டும்.

சிவில் அல்லது விவசாய இஞ்சினீயரிங் முடித்தோர்க்குக் கிண்டியில் நீர்வள மேற்படிப்பு உண்டு. உத்தியோகத்தில் அமர்ந்தபின் பயிற்சி பெறத் திருச்சிக்கு அருகே துவாக்குடியில் பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையம் உள்ளது.

கல்லூரி மாத்திரம் போதாது. தென்மாவட்டக் கண்மாய்களில் மடை திறக்கும் நீர்பாய்ச்சியைப் பாருங்கள். எவ்வயலுக்கு எப்பொழுது எவ்வளவு, நீர் குறைந்த ஆண்டில் யாருக்கு எவ்வளவு குறைப்பது என்பதெல்லாம் அவர் அறிவார். அவருடன் ஒரு போகம் வரப்பில் நடவாத மாணவர் பட்டம் பெற்றும் பாதி கற்றவரே. அவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலத்தவர். அவரிடம் கற்கச் சாதி பார்த்துத் தயங்குவோர் இச்சபையில் இருப்பின், அவர்தம் மக்களுக்கு இத்தொழில் வாய்க்காது. இதைச் சொல்ல நாம் கூசவில்லை.

நம் சங்கக் கல்விநிதி வைத்தியத்துக்கும் கம்ப்யூட்டருக்குமே செலவாகிறது. வருஷந்தோறும் இருவருக்கு நீர்வளப் படிப்புக்கு உதவுவதென்றும், அவருள் ஒருவர் பெண்ணாயிருத்தல் வேண்டுமென்றும் தீர்மானம் கொண்டுவருகிறோம். செலவு விவரம் காரியதரிசி அவர்களிடம் உள்ளது, பார்வையிட்டு வாக்களிப்பீர்களாக.