முனியப்பனா, புத்தரா: எப்படித் தெரியும்?

நியாயம், வைசேஷிகம், சாங்கியம், யோகம், மீமாம்சை, வேதாந்தம். வேதத்தை ஏத்துக்காத பக்கம் பௌத்தம், சமணம், ஆசீவகம், சார்வாகம். இந்தப் பட்டியலை நானும் பல தடவை மனப்பாடம் பண்ணி மறந்திருக்கேன். மனசுல நின்னது சேலம் பெரியேரி சிலையைப் பத்திப் படிச்சப்புறம்தான்.

அங்கே தலைவெட்டி முனியப்பன்னு ஒரு சாமி. எங்க அம்மாயி கும்பிட்ட சாமி. அது புத்தர் சிலைன்னு 2011-ல சென்னை உயர் நீதிமன்றத்துல வழக்குப் போட்டாங்க. தொல்லியல் துறை போய்ப் பார்த்துச்சு. அமர்ந்த நிலை, மடியில தியான முத்திரையில கைகள், சுருள்முடி, நீண்ட காது. புத்தர்தான்னு அறிக்கை குடுத்தாங்க. 2022 ஜூலையில தீர்ப்பு: இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கணும், புத்தர்னு பலகை வைக்கணும், மக்கள் வந்து பார்க்கலாம், பூஜை கூடாது.

அம்மாயிகிட்ட சொன்னேன். "புத்தர்னு செதுக்குனப்ப நீ பாத்தியா கண்ணு?"ன்னு கேட்டாங்க.

இது அச்சு அசலா சார்வாகர் கேள்வி! கண்ணால காண்பது மட்டும்தான் அறிவுன்னு சொன்னவங்க அவங்க. ஆனா முனியப்பன்னு செதுக்கினதை அம்மாயியும் பார்க்கலையே. பெரியவங்க சொன்னாங்க, அவ்வளவுதான்.

'உனக்கு எப்படித் தெரியும்?' இந்த ஒரு கேள்வியிலயே தரிசனங்கள் பிரிஞ்சு போகுது. அறியும் வழிக்குப் பேரு பிரமாணம், தமிழ்ல அளவை. மணிமேகலை வஞ்சி நகரத்துல சமயவாதிகளைக் கேட்கப் போறப்போ முதல்ல பேசுறதே அளவைவாதிதான். (கரூர்தான் அந்த வஞ்சின்னு ஒரு கட்சி உண்டு. அந்தச் சண்டை இன்னைக்கு வேண்டாம்.)

பௌத்தமும் வைசேஷிகமும் காண்டல், கருதல்னு ரெண்டு போதும்ங்கும். சுருள்முடியைக் கண்டு புத்தர்னு கருதினாங்களே, அந்த அறிக்கை இந்த வகை. சாங்கியமும் யோகமும் நம்பத்தக்கவங்க சொல்லையும் சேர்க்கும். நியாயத்துக்கு உவமையும் உண்டு. ஆத்தூர் பக்கம் தியாகனூர்ல பெரிய புத்தர் சிலைகள் இருக்கு. 'புத்தர்னா இப்படி இருப்பார்'னு அதை வெச்சு ஒருத்தர் சொல்லக் கேட்டவன், பெரியேரிக்கு வந்து "அட, அவர்தான் இவர்"ங்கிறான் பாருங்க, அது உவமை. எனக்குப் பிடிச்சது இல்லாமை. முனியப்பன்னா கையில அரிவாள் இருக்கும், இங்கே இல்லை. அந்த 'இல்லை'யை எந்தக் கண்ணால பார்த்தோம்? அதனால குமாரில பட்டரோட மீமாம்சையும் அத்வைதமும் அதைத் தனி அளவையாவே வெச்சிருக்காங்க.

சரி, அம்மாயியோட நம்பிக்கை அறிவா, இல்லையா? மீமாம்சை சொல்லும்: மறுப்பு வர்ற வரைக்கும் எந்த அறிவும் சரிதான். நியாயம் சொல்லும்: சோதிச்சுப் பார்த்தாதான் சரின்னு தெரியும். நம்ம ஆபீஸ்லயும் இந்த ரெண்டு ஆளும் இருக்காங்க. பக் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் ஓடட்டும்ங்கிறவர் மீமாம்சகர், டெஸ்ட் பாஸ் ஆகாம ரிலீஸ் கிடையாதுங்கிறவர் நையாயிகர். பெரியேரியில மீமாம்சகரே கூட இப்ப வாயைத் திறக்க முடியாது, மறுப்பு வந்தாச்சு.

ஆனா சிலை யாருதுங்கிறது மட்டும்தான் தீர்ந்திருக்கு. அங்கே இனிமே யாரு என்ன செய்யலாம்ங்கிறது எந்த அளவையாலயும் வர்ற பதில் இல்லைன்னு எனக்குத் தோணுது. தீர்ப்பு சரின்னுதான் நினைக்கிறேன். அதை அம்மாயி முகத்தைப் பார்த்துச் சொல்ல இன்னும் தைரியம் வரல.

அடுத்த எபிசோடு சாங்கியம், திருச்செங்கோட்டு மலையில இருந்து.