தறியட்டையும் தமிழ்க் குறியும்



சேலத்தையடுத்த இளம்பிள்ளையில் பூவேலைப் புடைவை நெய்யும் தறியை அண்ணாந்து பாருங்கள். துளையட்டைகளைக் கோத்த மாலையொன்று மேலே தொங்கும். துளையுள்ள இடத்தில் ஊசி உட்புகும். அதற்குரிய பாவுநூல் மேலெழும். துளையில்லா இடத்தில் ஊசி தள்ளுண்டு போகும்; நூல் கிடந்தபடியே கிடக்கும். உண்டு, இல்லை என்னும் இரண்டே நிலைகளால் மாங்காயும் மயிலும் முந்தானையில் உருப்பெறுகின்றன. பிரெஞ்சு நாட்டுச் சாக்கார்டு 1804-இல் அமைத்த பொறி இது. ஆங்கிலேயராகிய பாபேசு, தாம் வகுத்த கணக்குப் பொறிக்குக் கட்டளையேந்தும் கருவியாக இவ்வட்டையையே தெரிந்தெடுத்தார். எனவே, கணினியின் அடிப்படை நம் நெசவாளிக்கு அயலானதன்று.

அதே இருநிலைக் கணக்கு 1975-இல் அமெரிக்க இளைஞர்தம் வீட்டு மேசைக்கு வந்தது. ஆல்டேர் 8800 என்னும் கணினியை உறுப்புகளாக வாங்கி, ஈயம் உருக்கிப் பற்றவைத்துத் தாமே கோத்துக்கொண்டனர். விசைப்பலகை இல்லை, திரையும் இல்லை. முகப்பிலிருந்த சொடுக்கிகளை மேலும் கீழும் தள்ளிக் கட்டளை புகுத்தினர். விடை சிறு விளக்குகளில் மின்னிற்று. வீட்டுக் கணினித் தொழில் இவ்வோய்வுநேர விளையாட்டிலிருந்தே கிளைத்தது.

தமிழ் கணினிக்குள் புகுந்ததும் பெரிதும் இத்தகைய தனியார்வலர் கையாலேதான். கனடாவில் சீனிவாசன் 1984-இல் ‘ஆதமி’யைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் ‘முரசு’ பணியைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்திலிருந்த வேதியியலறிஞர் கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை விலையின்றி வழங்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமியோ சிறுகதையாசிரியர், தமிழ் கற்பித்தவர். 1995-இல் இணையத்தில் தமிழை ஏற்றிய அப்பெருமகனார் 1999-இல் மறைந்தார். தமிழாசிரியர்க்கு இப்பணி பொருந்தாது என்பார் அவரை எண்ணிப் பார்க்க!

ஆயினும், தனித்தனியே உழைத்தோர் தனித்தனிக் குறியீடு கொண்டனர். ஒருவர் எழுதியது மற்றவர் பொறியில் கிறுக்கலாயிற்று. இவர்களை ஒன்றுகூட்டிய சென்னை மாநாடு நடந்தது 1999-இல். அதற்குள், 1991-இலேயே, ஒருங்குகுறி வெளிவந்துவிட்டது. நடுவணரசின் 1988-ஆம் ஆண்டு ‘இசுக்கி’ வரைவைத் தழுவி, தமிழுக்கு அதில் 128 இடங்களே ஒதுக்கப்பட்டன. விளைவு என்ன? ‘க’ என்பதற்கு ஒரே குறி. ‘க்’ என்பதற்கோ ‘க’வும் புள்ளியுமாக இரண்டு. மெய்யோடு உயிர் சேர உயிர்மெய் பிறக்கும் என்பது நம் இலக்கணம். அங்கே உயிர்மெய்யினின்று மெய் பிறக்கிறது. தாயை மகள் ஈன்ற கதை! எல்லா எழுத்துகளுக்கும் தனியிடம் தரும் குறியீட்டைத் தமிழக அரசு 2010-இல் ஒருங்குகுறியோடு சேர்த்து ஏற்றது. உலகப் பொறிகளோ ஒருங்குகுறியிலேயே நிலைத்துவிட்டன. அதற்காக ஒருங்குகுறியை வெறுத்தொதுக்குதலும் அறிவன்று. கைப்பேசிதோறும் இன்று தமிழைச் சுமந்து செல்வது அதுவே.

குறியீட்டில் பிந்தினோம், நிரலெழுதுவதிலும் பிந்தவேண்டுமா? 2012-இல் வெளிவந்த இராசுபெரி பை என்னும் உள்ளங்கைக் கணினியை வைத்து, நாமக்கல் கோழிக்கொட்டகையின் வெப்பமறிந்து விசிறியைச் சுழற்றும் கருவியை ஒரு பள்ளி மாணவனும் செய்யலாம். 2008-இல் வந்த பைத்தான் 3 மொழி, நிரலுக்குள் இடும் பெயர்களைத் தமிழெழுத்திலேயே ஏற்கும். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழியிலோ கட்டளைச் சொற்களும் தமிழே. மாணவன் ‘வெப்பம்’, ‘விசிறி’ என்று பெயரிட்டுக் கொணர்ந்தால், அவற்றை ‘டெம்ப்’, ‘பேன்’ என்று அடித்துத் திருத்தாமல் விடும் ஆசிரியர் ஊருக்கு ஒருவரேனும் வேண்டும்.