எறிதல் காலில் தொடங்குகிறது

(நூற்றாண்டு விழாவை ஒட்டிக் கல்லூரி மண்டபத்தில் ஆற்றிய உரை)



மருத்துவர் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். நீரிழிவைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் பந்து எறிவதைப் பற்றிப் பேசப் போகிறேன். என் வகுப்புத் தோழிகள் இப்போதே சிரிக்கிறார்கள். எல்லே விளையாடும்போது நான் எறிந்த பந்து எந்தப் பக்கம் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். "நீ எறியாதை, பக்கத்தில நிக்கிறவளிட்டைக் குடு" என்பதுதான் எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி. பொம்பிளைப் பிள்ளைகளுக்கு எறிய வராது என்று சொன்னார்கள். நானும் நம்பினேன்.

1995 ஐப்பசியில் இடம்பெயர்ந்து, மறு வருடம் திரும்பி வந்து, இருந்த மேசை கதிரைகளோடு நாங்கள் படிப்பைத் தொடர்ந்தோம். அதே 1996இல்தான் அட்லாண்டா ஒலிம்பிக்கில் சொஃப்ட்போல் முதன்முறையாகப் பெண்களுக்கான பதக்கப் போட்டியாக நடந்தது. அப்படியொரு விளையாட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. மெல்பேர்ணில் என் மகள் ஒரு கழகத்தில் சேர்ந்த பிறகுதான் அறிந்துகொண்டேன்.

அவள் 'கட்சர்'. கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளர் நிற்பதுபோல, அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர். முதலாம் தளத்தில் நிற்கும் எதிரணிப் பிள்ளை, பந்து வீசுபவரின் கையை விட்டுப் பந்து போனதும் இரண்டாம் தளத்துக்கு ஓடலாம். ஓட வேண்டிய தூரம் 60 அடி. நன்றாக ஓடும் பிள்ளைக்கு 3 செக்கன் அளவுதான் தேவை. அதற்குள் கட்சர் பந்தைப் பிடித்து, எழுந்து, ஏறத்தாழ 85 அடி தூரத்தில் இருக்கும் இரண்டாம் தளத்துக்கு எறிய வேண்டும்.

என் மகளின் பந்து எப்போதும் சற்றுப் பிந்தியே போய்ச் சேர்ந்தது. "உனக்குக் கையில பலம் காணாது" என்றேன். பின்வளவில் ஒவ்வொரு பின்னேரமும் மேலதிகமாக 50 பந்து எறிய வைத்தேன். என்னால் முடியாததை அவள் செய்யவேண்டும் என்ற ஆசை எனக்கு. சில வாரங்களில் அவள் இடக்கையால் தலை சீவுவதைக் கண்டேன். கேட்டபோது ஒன்றுமில்லை என்றாள். இரண்டாம் முறை கேட்டபோது அழுதாள். "சொன்னால் நீங்கள் விளையாட விடமாட்டீங்கள், அம்மா." நோயாளிகளின் நோவைக் கேட்பதே தொழிலாகக் கொண்ட நான், என் வீட்டில் இருந்த நோவைக் கவனிக்கவில்லை.

வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகளில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. ஓய்வில்லாமல் திரும்பத் திரும்ப எறிந்தால் தோளிலும் முழங்கையிலும் அது நோகத் தொடங்கும். கட்சருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீசப்படும் ஒவ்வொரு பந்தையும் வீசியவருக்கு அவளே திருப்பி எறிகிறாள். ஓர் ஆட்டத்தில் அது நூறையும் தாண்டலாம். வீசுபவரின் பந்துகளை எண்ணுகிறோம். கட்சரின் எறிதல்களை எவரும் எண்ணுவதில்லை. அதற்கு மேல் 50 எறிய வைத்தது நான்.

ஆறு வாரம் எறிவதை நிறுத்தச் சொன்னார்கள். அந்த ஆறு வாரத்தில்தான் அவள் எறியக் கற்றுக்கொண்டாள்.

அவளுடைய பயிற்றுநர் எனக்கு ஒரு கணக்குக் காட்டினார். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் எறியும் பிள்ளை அரும்பாடுபட்டு 85 கிலோமீற்றருக்கு வந்தாலும், அந்தத் தூரத்தில் மிச்சமாவது ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பந்தைக் கையுறையிலிருந்து எடுப்பதில் தடுமாறினாலோ, தேவையில்லாமல் ஓரடி வைத்தாலோ அதைவிடக் கூடுதலான நேரம் போய்விடும். நேரம் தொலைவது கையிலும் காலிலும். அதுவும் பந்து புறப்படுவதற்கு முன்னர்.

ஆகவே முதலில் கால். தளத்தில் ஓட்டக்காரி நிற்கும்போது இடுப்பைச் சற்று உயர்த்திக் குந்த வேண்டும். வலக்கையால் எறிபவர் வலது பாதத்தைக் கொஞ்சம் பின்னே வைத்திருக்க வேண்டும். பந்து வந்ததும் வலது பாதம் சிறிது முன்னே வந்து பக்கவாட்டில் திரும்பும்; இடது பாதமும் இடது தோளும் இலக்கை நோக்கும். முழுதாக நிமிர்ந்து நின்றுவிட்டு எறியக்கூடாது.

இரண்டாவது, பந்து மாறும் இடம். கையை நீட்டிப் பந்தைத் தேடாமல், கையுறையை வலது காதுப் பக்கம் கொண்டுவர வேண்டும். வழியில், நெஞ்சுக்கு அருகில், கை பந்தைச் சந்திக்கும். விரல்கள் தையலுக்குக் குறுக்கே படிய வேண்டும்; சிறிய கையென்றால் மூன்று விரல் வைக்கலாம்.

மூன்றாவதுதான் தோள். முழங்கை தோள் உயரத்துக்கு வரவேண்டும். கையைக் கீழே இறக்கிப் பின்னால் பெரிய வட்டம் சுற்றினால் நேரமும் போகும், தோளும் நோகும். முதலில் இடுப்பு திரும்பும், பிறகு தோள், கடைசியில் கை. பந்து போன பின்னும் கை தன் வழியில் இறங்கட்டும், சடுதியாக நிறுத்தக்கூடாது. களைத்த பிள்ளையின் முழங்கை கீழே இறங்கத் தொடங்கும். அதைக் கண்டால் அன்றைய பயிற்சி முடிந்தது என்று பொருள்.

அந்த ஆறு வாரமும் என் மகள் நிலத்தில் சோக்கால் இரண்டு பாத அடையாளம் கீறி, பந்தில்லாமல் கால் மாற்றிப் பழகினாள். பந்தைக் கையுறையிலிருந்து எடுத்துக் காதருகே கொண்டுவந்து, எறியாமல் நிறுத்திப் பழகினாள். நான் கைத்தொலைபேசியில் மெதுவான அசைவில் படம் எடுத்துக் காட்டினேன். நோ மாறிய பின் சிறிய தூரத்திலிருந்து தொடங்கி மெல்ல மெல்லத் தூரத்தைக் கூட்டினாள். பருவம் முடியுமுன் ஒரு சனிக்கிழமை அவள் எறிந்த பந்து ஓட்டக்காரிக்கு முன் போய்ச் சேர்ந்தது. கையின் பலம் முன்பிருந்ததுதான்.

அன்றிரவு நான் எங்கள் கல்லூரி மைதானத்தை நினைத்தேன். எனக்கு எறிய வராமல் போனதற்குக் காரணம் நான் பெண்ணாகப் பிறந்தது அல்ல. எந்தக் காலை முன்னே வைப்பது என்று எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. அந்த நாட்களில் அவர்கள் எங்களை உயிரோடு வைத்திருந்து படிப்பித்ததே பெரிய காரியம்.

மாணவச் செல்வங்களே, எல்லே ஆனாலும் கிரிக்கெட் ஆனாலும் சொஃப்ட்போல் ஆனாலும் எறிதல் ஒன்றுதான். காலிலிருந்து தொடங்குங்கள். நோ இருந்தால் சொல்லுங்கள். எறியும்போது தோள் நொந்தால் அன்று நிறுத்துங்கள். மறுநாளும் நொந்தால், இரவில் நித்திரையைக் குழப்பினால், எண்ணெய் பூசிக்கொண்டு இராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆசிரியர்களே, தாய்மாரே, ஒரு பிள்ளை நோகுது என்று சொன்னால் அவளை அணியிலிருந்து நீக்கிவிடாதீர்கள். எறியாமலே பழகக்கூடியவை நிறைய இருக்கின்றன. சொன்னால் இடம் போய்விடும் என்று பயந்தால் அவள் மறைப்பாள். என் மகளும் அதனால்தான் மறைத்தாள்.

கூட்டம் முடிந்ததும் மைதானத்துக்கு வாருங்கள். பெட்டி நிறைய டென்னிஸ் பந்து கொண்டுவந்திருக்கிறேன். என் வகுப்புத் தோழிகளும் வரவேண்டும். இன்று நானும் எறியப் போகிறேன்.