விளக்குக் கட்டும் தொழில்



வெசாக், தீபாவளி, நத்தார், தோட்டத்துக் கோயில் திருவிழா என்று மின்விளக்கு அலங்காரத்துக்கு நம்மூரில் வேலை வந்துகொண்டே இருக்கிறது. பெண்பிள்ளைகள் இதைத் தொழிலாகத் தொடங்கினால் என்ன? 1950 முதல் நாட்டுக்கு மின்சாரம் தரும் லக்சபானவுக்கு அயலூர்க்காரர் அல்லவா நாம்! தொழிற்பயிற்சி அதிகாரசபையில் எலக்ட்ரீசியன் படிப்பும் இருக்கிறது.

மருத்துவராக ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறேன். வெசாக் வருவது மே மாதத்தில். கினிகத்தேனை மழையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈர மரம், ஒட்டுப்போட்ட வயர், 230 வோல்ட்: இதயம் நின்றுபோக இவ்வளவு போதும். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் ஒரு பல்பும் எரியவிடாதீர்கள். அதன் செலவை முதலிலேயே கூலியோடு சேர்த்துச் சொல்லுங்கள். திருவிழாக் குழு பேரம் பேசினால் இரண்டு வரிசை பல்பைக் குறையுங்கள்.