கேஸ் இறங்கிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்



பங்குனி பிறந்துவிட்டால் மதுரையில் ஜிகர்தண்டா கடைகளை நோக்கிக் கூட்டம் திரும்பிவிடும். சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணம், அதையடுத்து அழகர் வைகையில் இறங்கும் நாள் என்று வந்துவிட்டால் விளக்குத்தூண் பக்கம் நிற்க இடம் கிடைக்காது. சுண்டக் காய்ச்சிய பால், ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். இதில் பாலும் ஐஸ்கிரீமும் முழுக்க முழுக்கக் குளிர்பெட்டியை நம்பி இருப்பவை. பால் பாக்கெட் விற்கும் பெட்டிக்கடைக்கும், இட்லி மாவு அரைத்து விற்கும் அக்காவுக்கும், மேலூரிலும் உசிலம்பட்டியிலும் கறிக்கடை வைத்திருப்பவருக்கும் இதே கதிதான். கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம் அந்தப் பெட்டி குளிராமல் போனால் அன்றைய முதல் போய்விடும்.

அப்போது கடையில் முதலில் எழும் குரல், "கேஸ் இறங்கிடுச்சுண்ணே, கேஸ் போட்டாச் சரியாயிடும்" என்பது. பல நேரம் அது தவறான முடிவு. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சமையல் சிலிண்டரில் இருப்பதுபோல எரிந்து தீரும் பொருள் இல்லை இந்த கேஸ். மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிச்சுற்றி வருகிறது. அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் சில வாரங்களில் பழைய நிலைக்கே வந்து நிற்பீர்கள். கசிவு இருக்கும் இணைப்பில் பெரும்பாலும் எண்ணெய்க் கறை படிந்திருக்கும். சோப்பு நுரை தடவினால் குமிழி கிளம்பும். "எங்கே கசிகிறது, காட்டுங்கள்" என்று மெக்கானிக்கிடம் கேட்பது உங்கள் உரிமை. நல்ல தொழிலாளி அதற்குக் கோபப்பட மாட்டார்.

சரி, வேறு எதுதான் காரணம்? பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிறது. கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர் ஓடும் வாய்க்கால் அடைத்திருந்தால் எவ்வளவு இறைத்தும் வயலுக்குப் போகாது அல்லவா? பெட்டிக்கு அந்த வாய்க்கால், கண்டென்சர் என்கிற கம்பிச்சுருள். கண்ணாடிக் கதவு வைத்த கடைப் பெட்டிகளில் அது பெரும்பாலும் அடியில், தரையை ஒட்டி இருக்கும். கடைவீதித் தூசி, பக்கத்துத் தையல் கடையின் நூல் பிசிறு, வடைச் சட்டியிலிருந்து கிளம்பும் எண்ணெய்ப் புகை எல்லாம் சேர்ந்து அந்தச் சுருளின்மேல் கம்பளியாகப் படிந்துவிடும். வெளியே 40 டிகிரி; அடுப்புக்குப் பக்கத்தில் அதற்கும் மேலே. இந்த நிலையில் சூடு எங்கே போகும்? கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், தொட முடியாத அளவு சுடும், பெட்டி மட்டும் குளிராது. சிலவற்றில் கம்ப்ரசர் தானே கட்டாகி நின்றுவிடும்.

ஆகவே முதல் வேலை, பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சுருளை மென்மையான பிரஷ்ஷால் துடைப்பது. தண்ணீர் அடிக்க வேண்டாம், பக்கத்திலேயே மின்கம்பிகள் இருக்கின்றன. அங்கே இருக்கும் சிறு ஃபேன் தடையில்லாமல் சுழல்கிறதா என்று பாருங்கள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே காற்று போக இடம் விடுங்கள். அடுப்பைத் தள்ளி வைக்க முடியாவிட்டால் பெட்டியைத் தள்ளி வையுங்கள்.

இனிக் காதால் கேட்க வேண்டிய அறிகுறி. கம்ப்ரசர் 'ம்ம்ம்' என்று முனகி, 'டக்'கென்று நின்று, சில நிமிடம் கழித்து மறுபடியும் முனகுகிறதா? அது பெரும்பாலும் கேஸ் பிரச்சினை இல்லை. மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம். ரிலே அல்லது கெபாசிட்டர் போயிருக்கலாம். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். லைன் கடைசியில் இருக்கும் கிராமக் கடைகளில், மோட்டார்கள் ஓடும் நேரத்தில், அது நன்றாகவே இறங்கிவிடும். அந்த நிலையில் பெட்டியைத் தொடர்ந்து முயலவிட்டால் கம்ப்ரசரே எரிந்துபோகும். அதை மாற்றும் செலவு ஸ்டெபிலைசர் விலையைவிடப் பல மடங்கு. கரண்ட் போய் வந்த உடனே பெட்டியைப் போடாமல் ஐந்து நிமிடம் பொறுங்கள். கிரைண்டரும் பெட்டியும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேண்டாம். கெபாசிட்டரை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

வெளியே எல்லாம் சரி, உள்ளேதான் குளிரவில்லை என்றால் பனியைப் பாருங்கள். கதவின் ரப்பர் தளர்ந்திருந்தால் ஈரக்காற்று புகுந்து, உள்சுருளைப் பனி மூடிவிடும், காற்று நகராது. கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தானாக வந்துவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டும். பனியைக் கத்தியால் குத்தி எடுக்கவே கூடாது. டீப் ஃப்ரீசரின் சுவருக்குள்ளேயே குழாய் ஓடுகிறது. குத்திய இடத்தில் ஓட்டை விழும். அதுவரை இல்லாத கேஸ் பிரச்சினை அன்றைக்குத்தான் உண்மையிலேயே தொடங்கும்.

கேஸ் போடத்தான் வேண்டும் என்றால் பெட்டியின் தகட்டில் எழுதியிருக்கும் வகையையே போடச் சொல்லுங்கள். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மாண்ட்ரியலில் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகு பழைய ஆர்-12 கைவிடப்பட்டு ஆர்-134ஏ வந்தது. அதுவும் பூமியைச் சூடாக்குவதால் இப்போது புரொப்பேன் ஆகிய ஆர்-290, ஐசோபியூட்டேன் ஆகிய ஆர்-600ஏ பரவி வருகின்றன. இவை இரண்டும் தீப்பற்றக்கூடியவை. பெட்டியில் தீ அடையாளம் போட்ட மஞ்சள் முக்கோணம் இருந்தால், அதில் பயிற்சி பெற்றவர் மட்டுமே கை வைக்க வேண்டும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை நிரப்புவது உயிருக்கே ஆபத்து.

பெட்டியைவிட எனக்குக் கவலை உள்ளே இருக்கும் உணவைப் பற்றித்தான். பால், தயிர், கறி, மீன் எல்லாம் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். குளிர் நின்றது தெரிந்ததும் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஐஸ் கட்டி வாங்கி வந்து சரக்கை அதில் மாற்றுங்கள். ஒரு தெர்மாமீட்டரை எப்போதும் உள்ளேயே வைத்திருங்கள். மதுரை வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சூடேறிக் கிடந்த பாலையோ கறியையோ முகர்ந்து பார்த்து முடிவு செய்ய முடியாது. திரும்பக் காய்ச்சினால் கிருமி சாகலாம். சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதித்தாலும் போகாது. நட்டம் வலிக்கும், எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதைக் கொட்டிவிடுங்கள். அந்தக் குவளை ஒரு குழந்தையின் கைக்குப் போகக்கூடியது.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று இரவு கடை சாத்தும் முன் பிளக்கைப் பிடுங்கி, ஒரு டார்ச்சை அடித்துப் பெட்டியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தூசி படிந்திருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே துடைத்துவிடுங்கள்.